திடல் இல்லாத பாதுகாப்பு

ஏப்ரல் பிறந்தால் விருத்தாசலத்தில் வெயிலோடு சேர்ந்து பள்ளிக்கூட விளம்பரங்களும் ஏறிவிடுகின்றன. பாலக்கரையிலிருந்து பேருந்து நிலையம்வரை மின்கம்பத்துக்கு ஒரு தட்டி. செய்தித்தாளை உதறினால் துண்டறிக்கைகள் உதிர்கின்றன. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. அகல் விளக்கும் பொம்மையும் செய்து வெளியூருக்கு அனுப்பும் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே உண்டு. இப்போது ஊருக்குள் விளம்பரம் போட்டு விற்கப்படும் பெரிய சரக்கு, தனியார் பள்ளிக்கூடம்தான்.

இந்தத் துண்டறிக்கைகளையும் சேர்க்கைக் கையேடுகளையும் இந்த ஆண்டு நான் சேர்த்துவைத்துப் படித்தேன். என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. முதல் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கட்டணமில்லாமல் படித்தவள். அந்தச் சட்டத்தின் கை எட்டாம் வகுப்போடு விலகிக்கொள்கிறது. ஒன்பதிலிருந்து பணம் கட்ட வேண்டும், அல்லது பள்ளி மாற வேண்டும். அவள் கால்பந்து ஆடுகிறாள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள காலியிடத்தில் பையன்களோடு ஆடத் தொடங்கி, பள்ளியின் சின்ன அணியில் இடம் பிடித்தவள். “சித்தி, புட்பால் இருக்குற ஸ்கூலாப் பாருங்க” என்பது அவள் வைத்த ஒரே நிபந்தனை.

இலக்கியம் கற்பிப்பவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த எழுத்தையும் யார் யாரிடம் பேசுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்த்துத்தான் படிக்கத் தோன்றும். இந்தக் கையேடுகள் பிள்ளைகளிடம் பேசவில்லை. பெற்றோரிடம், அதிலும் பெண்பிள்ளையைப் பெற்றவர்களிடம் பேசுகின்றன. எல்லாவற்றிலும் வரும் சொல் ‘பாதுகாப்பு’. கண்காணிப்பு கேமரா, உயரமான சுற்றுச்சுவர், வாசலுக்கு வந்து ஏற்றி வாசலில் இறக்கும் வேன், பெண்களுக்குத் தனி வகுப்பு, தனிப் படிக்கட்டு. அடுத்த சொல் ‘ஒழுக்கம்’. அதற்கடுத்தது ‘மதிப்பெண்’. விளையாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் கால்பந்துப் படம் இருந்தால் ஆடுபவர்கள் பையன்கள். பெண்கள் யோகாசனத்தில் அமர்ந்திருக்கிறார்கள், பரதநாட்டியத்தில் நிற்கிறார்கள், கோப்பையைப் பிடித்தபடி மேடையில் இருக்கிறார்கள். ஓடுகிற பெண்ணின் படம் ஒன்றுகூட இல்லை.

பந்து ஆடும் பெண்ணுக்குத் தனியார் உயர்நிலைப் பள்ளி தேடும் வீட்டில் முதலில் கேட்கப்படுவது “அங்கே கால்பந்து உண்டா?” என்பது. நான் பார்த்தவரை எல்லாப் பள்ளியும் “உண்டு” என்றே சொல்கிறது. ஆகவே அந்தக் கேள்வியால் பயனில்லை. அந்தப் பள்ளி விற்கும் பாதுகாப்பும் அந்தப் பெண்ணுக்கு வேண்டிய திடலும் ஒரே இடத்தில் இருக்க முடியுமா என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அங்கீகாரம் தரத் தமிழ்நாடு அரசு வகுத்த குறைந்தபட்ச நில அளவு இடத்துக்கு இடம் மாறும். கிராம ஊராட்சியில் 3 ஏக்கர், பேரூராட்சியில் 1 ஏக்கர், நகராட்சியில் 10 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8, மாநகராட்சியில் 6. விருத்தாசலம் நகராட்சி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால் 10 கிரவுண்டு 24,000 சதுர அடி. பெரியவர்களின் கால்பந்து ஆட்டத்துக்கு விதிப்படி ஆகக் குறைந்த அளவு நீளம் 90 மீட்டர், அகலம் 45 மீட்டர். ஏறத்தாழ 43,600 சதுர அடி. அதாவது வகுப்பறை, கழிப்பறை, வேன் நிறுத்துமிடம் எல்லாம் சேர்ந்து ஒரு பள்ளிக்குத் தேவை என்று அரசு சொல்லும் நிலமே, ஆகச் சிறிய ஒரு கால்பந்துத் திடலின் பாதியைச் சற்றே தாண்டும். இதைவிட அதிக நிலம் வைத்திருக்கும் பள்ளிகள் ஊருக்கு வெளியே சாலையோரங்களில் இருக்கின்றன. ஆனால் சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ‘விளையாட்டுத் திடல்’ என்று ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு பெரிய திடல் என்று இல்லை.

சின்னத் திடலில் ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டம் ஆடலாம்தான். ஆனால் இடம் குறையும்போது யாருக்கு முதலில் குறைகிறது என்று கவனியுங்கள். இருக்கும் திடல் பையன்களின் கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் போகிறது. பெண்களுக்கு எறிபந்து, வளையப்பந்து, கோ-கோ, கேரம், செஸ். எறிபந்துக் களத்தின் அளவு 18.3 மீட்டருக்கு 12.2 மீட்டர். ஒரு சிறிய கால்பந்துத் திடலின் பரப்பு இப்படிப்பட்ட ஏறத்தாழ 18 களங்களின் பரப்புக்குச் சமம். அந்த ஆட்டங்களைக் குறைத்துச் சொல்லவில்லை. கோ-கோ ஆடிய பெண்ணின் கால் வேகம் எனக்குத் தெரியும். ஆனால் ‘பெண்களுக்கு ஏற்ற ஆட்டம்’ என்று தேர்ந்தெடுக்கப்படுபவை பெரும்பாலும் குறைந்த இடத்தில், ஒரு மூலையில், கண்பார்வைக்குள் ஆடி முடிகிறவையாக இருப்பது தற்செயல் ஆகுமா?

அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980-ல் எழுதிய கட்டுரையில், பெண்பிள்ளைகள் பந்தை எறியும் விதத்தை வைத்தே ஒரு பெரிய கேள்வியை எழுப்பினார். பெண் தன் முழு உடலையும் வீசி எறியாமல் கையை மட்டும் அசைப்பதற்குக் காரணம் உடற்கூறு அல்ல, தன்னைச் சுற்றியுள்ள வெளி தனக்கு உரியது அல்ல என்று அவளுக்குச் சிறுவயதிலேயே பழக்கப்படுத்தியிருப்பதுதான் என்பது அவருடைய வாதம். கால்பந்து இந்தப் பழக்கத்தை நேராக முறிக்கிற ஆட்டம். இடத்தை எடுத்துக்கொள்ளாமல் அதை ஆட முடியாது. எதிரே வருபவர்மேல் தோள் படும், கீழே விழ வேண்டியிருக்கும், சத்தம் போட்டுப் பந்து கேட்க வேண்டும். ‘சத்தம் போடாதே, விழுந்துவிடாதே, இடிக்காதே’ என்று வளர்க்கப்பட்ட உடலுக்கு ஒரு மணி நேர விடுமுறை அது.

*

அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்?

ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த உடனேயே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் நிழல் விழுந்துவிடுகிறது. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை தேர்வு. கால அட்டவணையில் இருக்கும் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவது ஊரறிந்த செய்தி. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக உதயநிதி ஸ்டாலின் மேடையில் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது தமிழ்நாட்டின் பொதுவழக்கம். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசை அறிவிப்பதை அரசு 2017-ல் நிறுத்தியது. தட்டிகளில் மதிப்பெண் மறைந்துவிடவில்லை. வேறு சொல்லில் வந்துகொண்டிருக்கிறது.

பாடவேளை பறிபோவது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று சொல்வார்கள். பொது இல்லை. பையனிடமிருந்து பள்ளி பறித்ததைத் தெரு அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு எந்தக் காலியிடத்துக்கும் அவன் போகலாம். இரவு எட்டு மணிக்குத் தெருவிளக்கின் கீழே ஆடலாம். மணிமுத்தாற்று மணலில் செருப்பைக் கோல் கம்பமாக வைத்து ஆடலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். பெண்ணிடமிருந்து பள்ளி பறித்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேறு இடம் கிடையாது. எட்டாம் வகுப்பையொட்டித்தான் நம் வீடுகளில் பல பெண்கள் வயதுக்கு வருகிறார்கள். தெருமுனையில் மஞ்சள் நீராட்டு விழா தட்டி ஏறியபிறகு, நேற்றுவரை ஆடிய காலியிடம் ‘பையன்கள் இருக்கிற இடம்’ ஆகிவிடுகிறது. அரைக்கால் சட்டை பேச்சுக்கு வருகிறது. முழங்காலில் காயம் பட்டால், “தழும்பு நின்னுடுச்சின்னா நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கணுமே” என்கிறார்கள்.

ஆகவே பையனுக்குப் பள்ளித் திடல் பல திடல்களில் ஒன்று. பெண்ணுக்கு அது ஒன்றுதான் திடல். அவளுக்குப் பள்ளி தேர்ந்தெடுப்பது அவளுக்குத் திடல் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது. தனியார் பள்ளியின் வேன் 4.30 மணிக்குக் கிளம்பினால் அவளுடைய ஆட்டமும் 4.30 மணிக்கு முடிந்துவிடும். அந்த வேனைத்தான் கையேடு ‘பாதுகாப்பு’ என்கிறது. நாமும் அதற்குத்தான் பணம் கட்டுகிறோம்.

*

பணம் என்றால் கட்டணம் மட்டும் இல்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு இருக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத விலை வேறு.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. தாலிக்குத் தங்கம் கொடுத்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022-ல் புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரி முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் தருகிறது. கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருபவர்களும் இவற்றுக்குத் தகுதி பெறுகிறார்கள். என் அக்கா மகளைப் போன்ற பிள்ளைகளுக்குச் சரியாக இந்த ஒன்பதாம் வகுப்பில்தான் பாதை பிரிகிறது. தனியார் பள்ளியிலேயே தொடர்ந்தால் இந்த இரண்டு உரிமையும் கைவிட்டுப் போகும். எந்தக் கையேடும் இதை அச்சிடாது. பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதும் சந்தேகம்.

இதற்கு ஈடாகத் தனியார் பள்ளி என்ன தருகிறது? ஆங்கிலம், ஒழுங்கு, ‘நம்ம பிள்ளை பிரைவேட்டுல படிக்குது’ என்ற மதிப்பு. பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை செய்யும் என் அக்காவுக்கு அந்த மதிப்பு அற்பமில்லை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, களிமண் தூசியைச் சுவாசித்து, எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிறவள், மகள் டை கட்டி வேனில் ஏறுவதைப் பார்க்கும்போது அடையும் நிம்மதியை ‘மாயை’ என்று ஒதுக்கிவிடுவது நடுத்தர வர்க்கப் பெண்ணியத்தின் திமிர். பாதுகாப்பு அவளுக்கு வெறும் சொல் இல்லை. அவள் வேலை முடிந்து வீடு திரும்ப ஆறரை ஆகிறது. அதுவரை மகள் எங்கே இருக்கிறாள் என்பது அவளுக்கு ஒவ்வொரு நாளும் எழும் கேள்வி. அந்தக் கேள்வியைப் பள்ளி முதலாளி நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். பெண்ணியவாதிகள்தான் இன்னும் போதுமான அளவு புரிந்துகொள்ளவில்லை.

*

எங்கள் கடலூர் மாவட்டம் இந்தியப் பெண்கள் கால்பந்துக்குக் கொடுத்தவர்களைப் பார்த்தால் இந்தப் புதிர் இன்னும் கூர்மையாகும். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றுபவர். சந்தியா ரங்கநாதன் பண்ருட்டிப் பக்கம். சிறுவயதிலேயே அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்டு அங்கே வளர்ந்தவர். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி 2018-ல் இந்திய மகளிர் லீகின் இறுதிச் சுற்றுவரை போய் ஆடியது. அதே ஆண்டு தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, பல ஆண்டுகளாகக் கோலோச்சிய மணிப்பூரைக் கட்டாக்கில் 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2023-ல் ஹரியானாவை வென்று மீண்டும் பெற்றது.

இந்தப் பெண்களைப் பற்றி எழுதும்போது நம் பத்திரிகைகள் ‘வறுமையை வென்ற வீராங்கனை’ என்ற ஒரே அச்சில் ஊற்றிவிடுகின்றன. வறுமை உண்மைதான். ஆனால் அவர்கள் கதையில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று: ஓர் இல்லம் அல்லது விடுதி, ஓர் அகாடமி, ஒரு பயிற்சியாளர். அதாவது தங்கும் இடமும் திடலும் மாலை நேரமும் ஒன்றாகக் கிடைத்த சூழல். ‘இருட்டிவிட்டது, இன்னும் ஏன் வரவில்லை’ என்று வாசலில் நின்று கேட்க ஆளில்லாத நிலைமையை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. அது ஒரு குழந்தையின் இழப்பு. அந்த இழப்பின் ஓரத்தில்தான் இந்தச் சமூகம் ஒரு பெண்ணுக்கு மாலை ஆறு மணியை விட்டுக்கொடுத்தது என்றால், குறை வறுமையிடம் மட்டும் இல்லை. குடும்பம் உள்ள பெண்ணுக்கு, கட்டணம் கட்ட முடிந்த பெண்ணுக்கு, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி நம்மிடமே திரும்பி வருகிறது. கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதல் வேலையாக அவளைத் திடலிலிருந்து மீட்டு வேனில் ஏற்றுகிறோம்.

2019-ல் வந்த அட்லியின் ‘பிகில்’ பெண்கள் கால்பந்தைத் தமிழ்நாட்டின் கடைக்கோடித் திரையரங்குவரை கொண்டுபோனது. என் மாணவிகள் அதைக் கொண்டாடினார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் படத்தில் தடை எப்போதும் ஓர் ஆள்: ஒரு கணவன், ஒரு மாமியார் வீடு, அமிலம் வீசிய ஒருவன். நாயகன் போய்ப் பேசியதும் கதவு திறக்கிறது. பருமனான பெண்ணின் உடலைக் கேலி செய்து அவளுக்கு வேகம் ஊட்டுவதைக்கூடப் படம் பயிற்சி என்றே காட்டுகிறது. ஆனால் பதிமூன்று வயதுப் பெண்ணின் தடை பெரும்பாலும் இப்படி முகம் உள்ள ஆளாக இருப்பதில்லை. கால அட்டவணை, வேன் நேரம், சட்டையின் நீளம், பூட்டிய கழிப்பறை என்று அது சிதறிக் கிடக்கிறது. யாரிடம் போய் வசனம் பேசுவது? எல்லோரும் அவள் நன்மைக்காகத்தான் செய்கிறார்கள்.

*

தடை இப்படி நன்மையின் முகத்தோடு வருவது புதிதில்லை. 1920 டிசம்பரில் லிவர்பூலின் குடிசன் பார்க் திடலில் டிக் கெர் ஆலைப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருத்தமானதல்ல என்றது. பெண்கள் பந்தைத் தொடக் கூடாது என்று அது சொல்லவில்லை. தன் உறுப்புக் கழகங்கள் தங்கள் திடலைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றது. அவ்வளவு போதுமாக இருந்தது. திடல் போனதும் கூட்டம் போனது, வருமானம் போனது, ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆட்டமே ஒதுங்கியது. பெண்களின் உடலைப் பற்றிய கவலை என்ற பெயரில் பறிக்கப்பட்டது இடம்.

மாற்றமும் இடத்தின் வழியாகத்தான் வந்தது. அமெரிக்காவில் 1972-ல் ஒன்பதாம் தலைப்பு என்று அழைக்கப்படும் சட்டப்பிரிவு, அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் வேறுபாட்டால் வாய்ப்பு மறுக்கக் கூடாது என்றது. அப்போது அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு அணிகளில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. பின்னர் அது 30 லட்சத்தைத் தாண்டியது. அரை நூற்றாண்டில் பெண்களின் உடற்கூறு மாறிவிடவில்லை. பள்ளிகள் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நம் நாட்டில் பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை 1960-ல் தொடங்கியது. அதில் பெண்களுக்கான பிரிவு வந்தது 2012-ல். இடையே போன 52 ஆண்டுகளில் எத்தனை பெண்கள் பள்ளி முடித்துப் போயிருப்பார்கள்!

*

பாதுகாப்பு என்ற சொல்லையே தூக்கி எறியச் சொல்லவில்லை. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதி மாணவியின் மரணமும், அதையொட்டி நடந்த கலவரமும் எங்கள் பகுதித் தாய்மார்களை இன்னும் விட்டு விலகவில்லை. அந்த வழக்கின் உள்ளே நான் போகவில்லை. விடுதி, உயர்ந்த சுவர் என்றாலே நிம்மதி என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது என்பதை மட்டும் சொல்கிறேன். அதே மாதம் இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர் பாலியல் புகாரின் பேரில் நீக்கப்பட்டார். திடலும் தானாகப் பாதுகாப்பானது இல்லை. அடுத்த ஆண்டு நம் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததும் இதைச் சொல்லத்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெண்ணை அடைத்துவைப்பது பாதுகாப்பு ஆகாது. அவள் வெளியே இருக்கும்போது யாரெல்லாம் அவளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. பள்ளி தேடிப் போகும் பெண்கள் கையேட்டை மூடிவைத்துவிட்டு அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இவை. பெண்கள் அணி என்று ஒன்று தனியாக இருக்கிறதா, கடந்த ஆண்டு எந்தெந்த ஊருக்குப் போய் ஆடியது? குறுவட்டப் போட்டிக்கு உங்கள் பள்ளியின் பெண்கள் அணி போனதா? ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்கள் அதில் எத்தனை பேர், அல்லது எட்டாம் வகுப்போடு பெயர்கள் நின்றுவிடுகின்றனவா? உடற்கல்விக்குப் பெண் ஆசிரியர் உண்டா? வெளியூர்ப் போட்டிக்கு உடன் போவது யார், இரவு எங்கே தங்குவார்கள்? புகார் சொல்ல ஆள் யார், அவர் பெயர் சுவரில் எழுதியிருக்கிறதா? திடலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா, மாலையில் அது பூட்டப்படுமா? போட்டியும் மாதத் தேர்வும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வீர்கள்? பயிற்சி முடிந்தபிறகு இரண்டாவது வேன் உண்டா?

இவற்றைக் கேட்டுக்கொண்டு நானும் அக்காவும் சில பள்ளிகளுக்குப் போனோம். ஒரு பள்ளியில், “பத்தாவது முடிக்கட்டும் மேடம், அப்புறம் ஆடிக்கலாம். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ரிஸ்க்?” என்றார் நிர்வாகி. இன்னொரு பள்ளியில் நல்ல திடல் இருந்தது. பெண்கள் அணி ‘அடுத்த வருஷம்’ வரும் என்றார்கள். மூன்றாவதில் உடற்கல்வி ஆசிரியை ஒருவர் எங்களைத் தனியாக அழைத்து, ஒன்பதாம் வகுப்புப் பெண்களைத் தன்னிடம் விடமாட்டார்கள் என்று உண்மையைச் சொன்னார். தனியார் நிறுவனம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஒரு தனியார் பொறியியல் கல்லூரி நிர்வாகத்தாரின் ஆதரவில் வளர்ந்த மதுரையின் சேது அணி 2019-ல் இந்திய மகளிர் லீகையே வென்றது. மனம் இருந்தால் திடலும் பேருந்தும் விடுதியும் பெண்களுக்குக் கிடைக்கும். அந்த மனம் பள்ளிக்கட்டத்தில், எங்கள் பக்கத்தில், நாங்கள் பார்த்த இடங்களில் இல்லை.

வீடு திரும்பும் வழியில் அக்கா கணக்குப் போட்டாள். வருடக் கட்டணம் இவ்வளவு, வேனுக்கு இவ்வளவு, கைவிட்டுப் போகும் மாத ஆயிரம் இவ்வளவு. “அத்தனையும் குடுத்து, அவ ஆட்டத்தையும் சேத்துக் குடுக்கணுமா?” என்றாள். நான் எழுதிய எந்த வரியையும்விட அது தெளிவாக இருந்தது.

மகள் இப்போது அரசுப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பயிற்சி காலை ஆறு மணிக்கு, ஊரிலுள்ள ஒரு திடலில், நான்கு பெண்களோடு. ஆறு மணிக்குப் பெண்பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் அவர்களின் தாய்மார்களும் நானும் முறை வைத்துத் திடலோரம் உட்கார்கிறோம். செவ்வாயும் சனியும் என் முறை. இதைப் பெண்களின் ஒற்றுமை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. பள்ளியும் நகராட்சியும் அரசும் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை, வேலைக்குப் போகும் பெண்கள் தூக்கத்தை விட்டு இலவசமாகச் செய்கிறோம். எங்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அன்று ஆட்டம் இல்லை. அரசுப் பள்ளியிலும் மேலே நான் கேட்ட கேள்விகளில் பாதிக்குப் பதில் இல்லை. வேறுபாடு, அங்கே கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உட்காரலாம், பெண்கள் கேட்கலாம், பதிவேட்டில் எழுதவைக்கலாம். அடுத்த கூட்டத்தில் அக்கா கேட்கப்போவது கழிப்பறைச் சாவியைப் பற்றி.

இதைப் படிக்கும் மாணவிகளுக்குத் தங்கைகள் இருப்பார்கள், சிலருக்கு மகள்களும் இருக்கலாம். அவர்களுக்குப் பள்ளி தேடும் நாளில், ‘எங்கள் பள்ளி பாதுகாப்பானது’ என்று யாராவது சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு உங்கள் திடலில் எத்தனை பெண்கள் இருப்பார்கள், அவர்களை வீடு சேர்ப்பது யார் பொறுப்பு? அதற்குப் பதில் வைத்திருக்கிற பள்ளி அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.